பழைய கேரம் போர்டின் பரப்பைச் சரிசெய்வது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்ற பிறகு, பரணில் கிடந்த போர்டுகள் கீழே இறங்கத் தொடங்கியிருக்கின்றன. கொசப்பேட்டையிலும் சத்துவாச்சாரியிலும் மன்றத்து மூலையில் தூசு படிந்து நின்றதையெல்லாம் பசங்க துடைத்துப் போட்டு ஆடுகிறார்கள். அப்படி எடுத்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பூசத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆள் குறைவு. அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்தியே எழுதியிருக்கிறேன்.

காய் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பாலீஷ் போய்விட்டதா, அண்ணா?

பெரும்பாலும் பாலீஷ் போயிருக்காது, அழுக்கு ஏறியிருக்கும். போரிக் பவுடரும் கை வியர்வையும் தெருத்தூசும் வருடக்கணக்கில் சேர்ந்து பலகைமேல் ஒரு தோல்போல இறுகிவிடும். பகலில் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையோடு பலகையாகப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். அழுக்கு மேடு மேடாக நிழல் விழுத்தும். பூச்சு தேய்ந்த இடம் பளபளப்பு இல்லாமல் மங்கலாக, பள்ளமாகத் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

தேய்மானம் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஸ்டிரைக்கர் வைக்கும் நான்கு பக்கக் கோடுகள், ஆடுபவரின் உள்ளங்கை ஊன்றும் இடம், நடுவட்டம், குழிகளின் வாய். மற்ற இடமெல்லாம் இருபது வருடப் போர்டிலும் நன்றாகவே இருக்கும்.

எப்படிச் சுத்தம் செய்வது? ஈரத்துணி போடலாமா?

ஈரத்துணியை முதலில் போடாதீர்கள். பவுடர் கரைந்து மரத்தின் ரேகைக்குள் இறங்கிவிடும். முதலில் மெத்தென்ற ஷூ பிரஷ்ஷால் பவுடரை முழுக்கத் தட்டுங்கள். குழி ஓரத்திலும், பலகையும் ஃப்ரேமும் சேரும் இடுக்கிலும் கட்டியாக இருப்பதைப் பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுங்கள். அடுத்து, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர். அழுக்கு மேட்டின்மேல் ரேகை ஓடும் திசையில் அழித்துக்கொண்டே போனால் கறுப்புச் சுருளாகத் திரண்டு வரும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் பூச்சுக்கு ஒரு சேதமும் இல்லை.

அப்படியும் போகாததற்கு மினரல் டர்பன்டைன். பெயின்ட் கடையில் கிடைக்கும். துணியில் கொஞ்சமாக நனைத்து, பிழிந்துவிட்டுத் துடைக்க வேண்டும். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், மரத்துக்கு இடும் வழக்கமான பூச்சுகளைக் கரைக்காது. தின்னரை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பளபளவென்று ஆக்கும் பர்னிச்சர் ஸ்ப்ரேயும் வேண்டாம். அதில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும். பின்னால் லாக்கர் (மரத்துக்கு அடிக்கும் தெளிவான பூச்சு) அடிக்கும்போது அது பூச்சை ஒட்டவிடாமல் வட்ட வட்டமாக ஒதுக்கிவிடும்.

நான் பார்த்த போர்டுகளில் கணிசமானவை இந்த ஒரு கட்டத்தோடே சரியாகிவிட்டன. சுத்தம் செய்த பிறகு ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். அதற்கப்புறம் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஓட்டம் போதுமா போதாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1988இல் சென்னையில் உருவான சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதியிலேயே இதற்கு ஒரு சோதனை உண்டு. 15 கிராம் ஸ்டிரைக்கரை முழு பலத்தோடு நேராக அடித்தால், எதிர் ஃப்ரேமில் மோதித் திரும்பி, மறுபடியும் போய், குறைந்தது மூன்றரை நடை ஓட வேண்டும். வீட்டுப் போர்டு அந்த அளவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மூன்று நடையும் மறுபக்கம் ஒன்றரை நடையும் ஓடினால் கோளாறு பூச்சிலா, பலகை வளைவிலா, ஃப்ரேமிலா என்று தேட வேண்டும்.

மேலே இருப்பது என்ன பூச்சு? அதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. பழைய பூச்சுக்கு ஒவ்வாததை மேலே போட்டால் சுருங்கும், அல்லது ஏடு ஏடாக உரியும்.

ஃப்ரேமை ஒட்டிய மூலையில், ஆட்டத்துக்குக் குறுக்கே வராத இடத்தில் சோதியுங்கள். பட்ஸ் குச்சியில் பாலீஷ் ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்குப் பாலீஷ். ஒட்டாவிட்டால் வேறொரு குச்சியில் தின்னர். அதற்கு இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்) வகை.

என்.சி. லாக்கர் இருந்தால் நிம்மதி. புதிய லாக்கர் பழையதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும், ஒட்டுப் போட்டது தெரியாது. மெலமைனும் பி.யூ.வும் அப்படிச் சேராது. அவற்றை நன்றாக உரசி, சொரசொரப்பாக்கி, முழுப் பலகைக்கும் அடித்தால்தான் நிற்கும்.

உப்புத்தாள் எந்த நம்பர்? ஆசாரி மெஷின் வைத்துத் தேய்த்துத் தருகிறேன் என்கிறார்.

மெஷின் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கேரம் பலகை பிளைவுட், அதாவது மெல்லிய மர ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. அதன் மேல் ஏடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பெல்ட் மெஷினை வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் அந்த ஏட்டைத் தாண்டி, கீழே குறுக்கு ரேகை ஓடும் அடுத்த ஏடு தெரியும். அதற்கப்புறம் பட்டி பார்த்தாலும், பாலீஷ் போட்டாலும் அந்த இடம் தனியாகவே நிற்கும், ஓட்டமும் அங்கே மாறும். நல்ல போர்டு வீணாவது ஆடி ஆடித் தேய்ந்ததால் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து பாதிக்குமேல் இந்த மெஷினால்தான்.

கையால் தேய்க்கலாம். உள்ளங்கை அளவுக்குச் சமமான மரக்கட்டையில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். விரல்நுனியால் தேய்த்தால் விரல்பட்ட இடம் பள்ளமாகும். பூச்சை மட்டும் சமப்படுத்த 320 போதும், அதற்குமேல் 400. பழைய பூச்சை முழுவதும் எடுத்தே ஆக வேண்டிய நிலைமை என்றால் மட்டும் 220, அதுவும் ரேகையோடு, அழுத்தாமல். நடுநடுவே துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தூள் வெள்ளையாக வரும்வரை நீங்கள் பூச்சைத் தேய்க்கிறீர்கள். மரத்தின் நிறத்துக்கு மாறினால் நிறுத்துங்கள்.

கோட்டருகே பூச்சு போய் மரமே தெரிகிறது. அந்த இடத்துக்கு மட்டும் போட்டால் போதாதா?

லாக்கர் போர்டாக இருந்து, தேய்ந்த இடம் உள்ளங்கையைவிடச் சிறியதாக இருந்தால் போதும். முதலில் சீலர் என்னும் அடிப்பூச்சைத் துணிப் பொட்டலத்தால் ஒற்றி, காய்ந்ததும் 400 போட்டு, மறுபடியும் ஒற்றி, சுற்றியிருக்கும் பூச்சின் மட்டத்துக்கு வந்ததும் மேலே லாக்கர். ஓரத்தைச் சுற்றிலும் சரிவாக மங்கவிட வேண்டும். நறுக்கென்று முடிந்தால் காய் அங்கே தட்டும்.

நான்கு பக்கமும் மரம் தெரிந்தால் ஒட்டுப் போடுவதில் அர்த்தமில்லை. முழுப் பலகைக்கும் போட்டுவிடுங்கள்.

முழுசாகப் போடுவதென்றால் எதைப் போடுவது? எப்போது போடுவது?

வீட்டில் கையால் செய்பவர்களுக்கு என்.சி. லாக்கரைத்தான் சொல்வேன். சீக்கிரம் காயும், பின்னால் திருத்தவும் முடியும். அரக்குப் பாலீஷ் பார்க்க அழகு, ஆனால் வியர்வையும் சூடும் படும் இடத்துக்குத் தாங்காது. மெலமைனும் பி.யூ.வும் கல்போல நிற்கும். தினமும் ஆடும் மன்றத்துப் போர்டுக்கு அதுதான் சரி. ஸ்ப்ரே தெரிந்தவரிடம் கொடுத்து அடிப்பது நல்லது. கார் பெயின்ட் பட்டறையில் கொடுத்தால், அங்கே வண்டிக்குப் போடும் மெழுகும் பாலீஷும் பலகையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம்மூரில் காலம் பார்த்துச் செய்வது பாதி வேலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாக்கர் அடித்தால் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதால் வருவது அது. அக்னி நட்சத்திரத்தில் வேறு தொல்லை. நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலில் பிரஷ் நகர்வதற்குள் லாக்கர் இறுகி, வரி வரியாக நின்றுவிடும். தை, மாசி மாதங்களில், பனி விலகிய பிறகு, காலை பத்து மணியிலிருந்து மதியத்துக்குள் செய்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

சீலர் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்ததும் 400ஆல் லேசாகத் தடவல். பிறகு லாக்கர் மெல்லிசாக மூன்று அல்லது நான்கு தடவை. தின்னர் எவ்வளவு என்பதை டப்பாவில் போட்டிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக ஒரே தடவை போட்டால் மேல் மட்டும் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். கடைசியில் 1000 நம்பர் தாளால் தூசி முனைகளை எடுத்துவிடுங்கள்.

தொட்டுப் பார்த்தால் அரை மணியில் காய்ந்ததுபோல் இருக்கும், நம்பாதீர்கள். ஒரு வாரம் ஆடக்கூடாது, பவுடரும் போடக்கூடாது. முழுசாக இறுகாத பூச்சில் பவுடர் பதிந்துவிட்டால் அந்தச் சொரசொரப்பு நிரந்தரம்.

லாக்கரும் தின்னரும் குப்பென்று பற்றிக்கொள்ளும் பொருள்கள். சமையலறைப் பக்கம் வேண்டாம், சாமி விளக்கு எரியும் அறையும் வேண்டாம். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். சாதாரணத் துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது.

பலகையில் கொப்புளம்போல எழும்பியிருக்கிறது. தட்டினால் டொக்கு டொக்கு என்கிறது.

மேல் ஏடு கீழ் ஏட்டைவிட்டுப் பிரிந்திருக்கிறது. தண்ணீர் புகுந்திருக்கும். கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் பட்டி அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது, ஏனென்றால் அந்த ஏடு இன்னும் நல்ல மரம்.

புது பிளேடால், ரேகை ஓடும் திசையிலேயே, கொப்புளத்தின் நீளத்துக்கு ஒரு கீறல் போடுங்கள். ரேகைக்குக் குறுக்கே கீறினால் தழும்பு தெரியும். ஐடா ஸ்கடர் ரோட்டில் தடுக்கி விழுந்தால் மெடிக்கல் ஷாப். அங்கே ஒரு சிரிஞ்சும் தடித்த ஊசியும் வாங்கிக்கொள்ளுங்கள். மரம் ஒட்டும் ஃபெவிகாலில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்கி, கீறலுக்குள் இரு பக்கமும் செலுத்துங்கள். விரலால் நீவி நீவி உள்ளே பரப்பி, வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் சமமான டைல்ஸ் துண்டு ஒன்று, அதன்மேல் அரிசி மூட்டையோ செங்கல்லோ. ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் நகத்தால் தட்டிப் பாருங்கள், சத்தம் கெட்டியாக வர வேண்டும்.

பட்டர் பேப்பரை மறந்தால் டைல்ஸும் போர்டும் ஒன்றாகிவிடும்.

கறை போகவில்லை. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

வெள்ளை பூச்சுக்குள் மட்டும் நிற்கும் ஈரம். அரக்கு அல்லது லாக்கர் போர்டில், ஸ்பிரிட்டிலோ தின்னரிலோ பட்டும் படாமலும் நனைத்த துணியால் ஒரே வீச்சாகத் தடவினால் பல சமயம் மறைந்துவிடும்.

கறுப்பு அப்படியில்லை, ஈரம் மரத்தையே எட்டிவிட்டது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆவாரம்பட்டையில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். மரத்திலும் டானின் உண்டு, ஆணியோ தண்ணீரிலிருக்கும் இரும்போ பட்டால் அதே கறுப்புதான். அந்த இடத்துப் பூச்சை எடுத்துவிட்டு, ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும். பிறகு ஈரத்துணியால் பலமுறை துடைத்து, இரண்டு நாள் காயவிட வேண்டும். அது விஷம். கையுறை கட்டாயம், பிள்ளைகள் அருகில் இருக்கக்கூடாது. அந்த இடம் காய்ந்தபின் உப்புத்தாள் போடும்போது எழும் தூளையும் மூச்சில் இழுக்காதீர்கள். கறை ஆட்டத்தைக் கெடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை.

கோடும் வட்டமும் அழிந்துவிட்டன. மார்க்கரால் போட்டுக்கொள்ளலாமா?

மேலே லாக்கர் போடுவதாக இருந்தால் மார்க்கர் கூடவே கூடாது. லாக்கரில் அந்த மை கரைந்து கோடு நீலமாகவும் ஊதாவாகவும் கசியும்.

சீலர் போட்டு உரசிய பிறகு கோட்டை வரையுங்கள். மாஸ்கிங் டேப்பை இரு பக்கமும் ஒட்டி, டேப்பின் ஓரத்தில் முதலில் சீலரையே ஒரு தடவை தடவிவிடுங்கள். அது காய்ந்தால் டேப்புக்கு அடியில் நிறம் கசிய வழி இருக்காது. அதற்கப்புறம் கறுப்பு அக்ரிலிக் நிறத்தை மெல்லிசாகப் போட்டு, முழுசாகக் காய்வதற்கு முன்பே டேப்பை மடக்கி இழுங்கள். ஒரு நாள் விட்டு, மேலே லாக்கரின் முதல் தடவையை மட்டும் மிக லேசாக, பிரஷ்ஷால் திரும்பத் திரும்ப இழுக்காமல் போடுங்கள்.

அளவுகள்: ஆடும் பரப்பு 73.5 முதல் 74 செ.மீ. வரை சதுரம். ஸ்டிரைக்கர் வைக்கும் கோடு 47 செ.மீ. நீளம். ஃப்ரேமிலிருந்து 10.15 செ.மீ. தள்ளி இருப்பது தடித்த கோடு, அதன் தடிமன் 0.50 முதல் 0.65 செ.மீ. அதிலிருந்து 3.18 செ.மீ. இடைவெளியில் மெல்லிய கோடு. இரு முனைகளிலும் 3.18 செ.மீ. விட்டமுள்ள வட்டம், அதற்குள் 2.54 செ.மீ. அளவில் சிவப்பு. நடுவே சிவப்பு வட்டம் 3.18, அதைச் சுற்றிய பெரிய வட்டம் 17 செ.மீ. அம்புக்குறி இரண்டு ஃப்ரேமுக்கும் 45 டிகிரியில் குழியைப் பார்த்து நிற்க வேண்டும். பழைய கோட்டின் தடம் கொஞ்சமாவது இருந்தால் தேய்ப்பதற்கு முன்பே டிரேசிங் தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழி வாயில் மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்திருக்கிறது.

தண்ணீர்போல இருக்கும் சூப்பர் க்ளூவைச் சிராய்க்குள் சொட்டுவிட்டு, பாலித்தீன் தாள் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். பெயர்ந்தே போயிருந்தால் வுட் ஃபில்லர். மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைப்பது ஊரில் பழக்கம், அடைக்கும். ஆனால் அந்த இடம் சீலரைக் குடிக்காது, நிறம் தனியாக நிற்கும். பிறகு உருளையான குச்சியில் 320 தாளைச் சுற்றி, வாயை மழுக்கினால் போதும். குழியின் விட்டம் 4.45 செ.மீ. தேய்த்துப் பெரிதாக்கிவிட்டால் ஆட்டம் சுலபமாகிவிடும், அந்தப் போர்டில் பழகியவர் வெளியே போய் ஆடினால் திணறுவார்.

நடுவில் தொய்ந்திருக்கிறது. காய் தானாக நடுவுக்கு வருகிறது.

முதலில் போர்டு வைத்திருக்கும் ஸ்டூல் சமமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நம் வீட்டுத் தரைகள் பல, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிந்தவை. அது சரியாக இருந்தால் மூலைக்கு மூலை நூல் இழுத்துப் பிடித்து, நடுவில் இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள்.

தொய்வு உண்மையென்றால் போர்டைக் கவிழ்த்து, ஃப்ரேம் மட்டும் தாங்கும்படி வைத்து, நடுவில் எடை ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். நிமிர்ந்ததும் அடிப்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக நேரான ரீப்பர் (மரச்சட்டம்) வைத்து, பசையும் ஸ்குருவும் போட்டு இறுக்க வேண்டும். பிளைவுட் 8 மி.மீ. தடிமன்தான் என்றால், ஸ்குரு ரீப்பரைத் தாண்டி 5 மி.மீ.க்குமேல் உள்ளே போகக்கூடாது. மேலே எட்டிப் பார்த்துவிட்டால் அதுவரை செய்த வேலையெல்லாம் போச்சு. முறுக்கிக்கொண்ட பலகை, அதாவது ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டது, நிமிர்வது அரிது.

பரப்பு சரியாகிவிட்டது, ஆனால் ஃப்ரேமில் மோதினால் ஸ்டிரைக்கர் செத்து விழுகிறது.

ஃப்ரேம் பலகையைவிட்டு இளகியிருக்கிறது. கட்டையை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மாறும் இடம்தான் கோளாறு. அடியிலிருந்து ஸ்குருவை இறுக்குங்கள். ஓட்டை பெரிதாகியிருந்தால் பசை தடவிய தீக்குச்சிகளை அதில் இறக்கி, காய்ந்த பிறகு திரும்ப முடுக்குங்கள்.

என்ன பவுடர் போடுவது? டால்கம் போதுமே?

டால்கத்தில் வாசனை எண்ணெய் இருக்கும், பிசுக்கு பிடிக்கும். மைதாவும் அரிசிமாவும் எறும்பைக் கூப்பிடும். கேரமுக்கென்று விற்கும் போரிக் பவுடரையே போடுங்கள், ஒரு சிட்டிகை, துணியால் பரப்பி. குவியலாகப் போட்டால் காய் அதைத் தள்ளிக்கொண்டு நிற்கும். போரிக் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. கைக்குழந்தை தவழும் வீட்டில் போர்டைத் தரையில் வைத்து ஆடாதீர்கள், ஆடி முடித்தால் கை கழுவுங்கள்.

மேலே சன்மைக்கா ஒட்டிவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லையே, சார்?

ஒட்டாதீர்கள். குழி ஓரம் கத்திபோல நிற்கும், ஃப்ரேம் அடியில் இடுக்கு விழும், காயின் சத்தமும் நடையும் மாறிவிடும். பிடிக்காமல் பெயர்க்கப் பார்த்தால் மேல் ஏடும் கூடவே வந்துவிடும்.

பழைய போர்டு விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பூச்சைப் பார்க்காதீர்கள், அதைத் திருத்திவிடலாம். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூஞ்சணம், தண்ணீர்க் கோடு, மாவுபோல உதிரும் செல் அரிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். குழிக்குள் விரல் விட்டு ஏடுகளைத் தடவிப் பாருங்கள், பிரிந்திருந்தால் விரலுக்குத் தெரியும். மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிதாக லாக்கர் அடித்துப் பளபளக்கும் பழைய போர்டைவிட, அழுக்கேறிக் கிடக்கும் போர்டை நான் தைரியமாக வாங்குவேன். அதில் மறைத்தது எதுவும் இருக்காது.

என்னால் முடியாது, ஆசாரியிடம் கொடுக்கிறேன். என்ன சொல்லிக் கொடுப்பது?

கதவு பாலீஷ் வேறு, இது வேறு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மெஷின் போடக்கூடாது, கோடுகளின் அளவு இது, குழியைத் தொடக்கூடாது, கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம், சமமாக இருந்தால் போதும். இவற்றைத் தாளில் எழுதியே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் நான்கு கோணத்திலும் போட்டோ எடுத்து வையுங்கள்.

சரிசெய்த பிறகு எங்கே வைப்பது?

சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். கட்டிலுக்கு அடியில், நான்கு மூலைக்கும் முட்டு கொடுத்துப் படுக்கவைக்கலாம். அல்லது ஃப்ரேமில் இரண்டு கொக்கி போட்டு, வெளிச்சுவராக இல்லாத சுவரில் நேராக மாட்டலாம். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் குடிக்கும். மொட்டை மாடி ஷீட்டுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், நம்மூர் சித்திரை வெயிலுக்கு ஒரே கோடையில் ஏடு பிரியும். பழைய வேட்டியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வியர்க்கும்.